மினிட்ஸ் நோட்டில் இல்லாதது

இரண்டாம் பூசை முடிந்து
மறைக்கல்வி வகுப்பு பெஞ்சுகளில்
சமூக நீதிப் பணிக்குழு கூடியது.
வந்தவர் ஐவர். வராதவர் ஆறு.
தொடக்க செபம், தார்சிஸ் அண்ணன்.
டீ வந்தபோது ஆடை கட்டியிருந்தது.
டீயைத் தவிர மற்றதெல்லாம் நோட்டில் இருக்கிறது.

பொருள் ஒன்று:
ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்
அபார்ட்மெண்ட் தொட்டிக்குள் இறங்கி
மேலே வராத ஆள்.
ரேஷன் கார்டில் தேசிங்கு.
என் பதிவேட்டில் இன்னாசி.
பொஞ்சாதி அங்கே ராணி, இங்கே ரெஜினா.
லத்தீனில் ரெஜினா என்றாலே ராணிதான் என்றார் ஃபாதர்,
ஏதோ அதிலேயே சிக்கல் தீர்ந்துவிடும்போல.

தீராது.
வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கு நிற்க
சாதிச் சான்றிதழ் வேண்டும்.
சான்றிதழ் நிற்க
அவன் தலையில் அந்தத் தண்ணீர் விழுந்திருக்கக் கூடாது.

அவளையே கூப்பிட்டுக் கேட்டோம்.
நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.
"இன்னாத்துக்கு சார் ரெண்டு பேரு ரெண்டு பேருன்றீங்க?
உள்ள எறங்கி செத்தது ஒர்த்தருதான?"
டீயைத் தொடாமல் எழுந்து போனாள்.

சத்தியத்தைச் சொல்லிவிடுவோம், அதுதான் சுவிசேஷம்
என்றார் தார்சிஸ் அண்ணன்.
துறைமுகத்துப் பென்ஷன் வாங்குகிறவர்.
கேட்காததை எதுக்குச் சொல்லணும் என்றாள் வக்கீல் எமல்டா.
ஃபாதர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.
'அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது'
என்று எழுதியது நான்தான்.
என் கையெழுத்து அழகு என்பார்கள்.

அதற்கப்புறம் அவள் கோயிலுக்குள் வரவில்லை.
ஞாயிறுதோறும் சைக்கிள் ஸ்டாண்டில்
யாருக்கோ காத்திருக்கிறவள் மாதிரி நிற்பாள்.
எழுந்தேற்றத்துக்கு மணி அடிக்கும்போது
முந்தானையைத் தலைக்கு இழுக்கப் போய்
பாதியில் கையை விட்டுவிடுவாள்.
அவள் வீட்டில் மாதா படம் கழற்றிய இடம்
சதுரமாய் வெளுத்துக் கிடந்தது.
பிள்ளை அதன்மேல்
பத்தாம் வகுப்பு டைம்டேபிளை ஒட்டியிருந்தான்.
அளவு பத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆர்.ஐ. வந்தார்.
கெட்ட மனுசன் இல்லை.
கேட் போட்டிருந்ததால் வண்டியை விட்டுவிட்டு
வெயிலில் நடந்தே வந்திருந்தார்.
தண்ணீர் கொடுத்தேன்.
"ஏம்மா, இன்னாசின்னு யாராவது
உங்க புக்குல இருக்காங்களா?"

இரும்பு பீரோ சாவி என் இடுப்பில்.
எண்பத்தொன்றாம் வருடம், பக்கம் நூற்றுப் பன்னிரண்டு.
பெயருக்குப் பக்கத்தில், அழித்தால் அழிகிற பென்சிலில்,
பழைய சாமியார் யாரோ ஒற்றை எழுத்து போட்டிருக்கிறார்.
சாதி இல்லாத மதத்தில் அது என்ன எழுத்து என்று
நான் யாரையும் கேட்டதில்லை.
நான்கு பக்கம் தள்ளி
என் பெயருக்குப் பக்கத்திலும் அதே எழுத்து.
அந்த எழுத்துக்காரர்களைக் கல்லறையில்
எந்த மூலையில் வைத்தார்கள் என்று தெரியும்.
நவம்பர் இரண்டாம் தேதி
மெழுகுவத்தியோடு அங்கேதான் போவேன், அப்பாவுக்கு.

அந்த ஆளை எனக்குத் தெரியாது சார்.
சம்சாரம்?
தெரியாது.
புள்ளைங்க?
இங்க யாருக்கும் ஞானஸ்நானம் நடக்கல சார்.

மூன்று.
எண்ணிக்கொண்டேதான் சொன்னேன்.

கோழி எதுவும் கூவவில்லை.
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி
நீளமாய் ஒரு ஹாரன் அடித்தது.
ஆர்.ஐ. மிச்சத் தண்ணீரைக் குடித்துவிட்டு
ஒரு தாளை நீட்டினார்.
கையெழுத்துப் போட்டேன்.
அழகாகத்தான் விழுந்தது.

அவன் வெளியே போய் மனம் கசந்து அழுதான் என்று எழுதியிருக்கிறது.
நான் போகவில்லை.
ஒரு மணிக்கு ஆபீஸைப் பூட்ட வேண்டும்,
அடுத்த ஞாயிறு வாசிக்க
இரண்டு கல்யாண ஓலை எழுதாமல் கிடந்தது.